புதிர் நாவலை இணையத்தில் கூடி வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் மூதூர், கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் பக்கங்களிலும் இருந்துகொண்டு ஒரே நாவலைச் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கான பக்கம் இது. புதிர் நாவல் என்றால் துப்பறியும் கதை அல்ல. காலம் முன்பின்னாகக் கலைந்திருக்கும், ஒரே பெயரில் இரண்டு பேர் வருவார்கள், கதை சொல்கிறவரை நம்புவதா விடுவதா என்று கடைசிப் பக்கம் வரை தெரியாது. அப்படிப்பட்ட நாவலைத்தான் சொல்கிறோம்.

விளக்கத்துக்காகக் கீழே ஒரு கற்பனை நாவலை எடுத்திருக்கிறோம். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு கிளாக்கரின் நாட்குறிப்பு, அவருடைய மகள் எழுதிய கடிதங்கள், யார் எழுதியது என்று தெரியாத அடிக்குறிப்புகள் என மூன்று குரலில் போகும் கதை. அப்படி ஒரு புத்தகம் கடையில் கிடையாது, தேட வேண்டாம்.

வட்ஸ்அப் குழு இருக்கிறதே, அதிலேயே கதைத்தால் போதாதா?

போதாது. காலையில் ஒருவர் ஐந்தாம் அத்தியாயத்தில் நல்ல துப்பு ஒன்றைப் பிடித்துப் போடுவார். மத்தியானத்துக்குள் அதன் மேல் நாற்பது செய்தியும் இரண்டு பிறந்தநாள் வாழ்த்தும் ஒரு கோயில் திருவிழாப் படமும் ஏறிவிடும். மூன்று கிழமை கழித்து அந்தத் துப்பு தேவைப்படும்போது, யார் சொன்னது, எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் நினைவிராது. போட்ட செய்தியைத் திருத்துவதற்கும் 15 நிமிடம்தான் தருகிறார்கள். புதிர் நாவலிலோ நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிக்கொள்வதுதான் வேலையே.

வட்ஸ்அப்பை மூன்று காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: லிங்க் அனுப்ப, நாள் குறிக்க, ஞாபகப்படுத்த. நாள் குறிக்க அதிலுள்ள வாக்கெடுப்பு நன்றாகவே உதவும், 12 தெரிவுகள் வரை போடலாம்.

அப்படியென்றால் எத்தனை கருவி வேண்டும்?

கூகுள் டொக் (சேர்ந்து எழுதும் ஆவணம்), ஒரு கூகுள் ஷீட் (கட்டம் போட்ட அட்டவணை), ஏற்கெனவே இருக்கிற வட்ஸ்அப். அவ்வளவுதான். படம் கீறி அம்புக்குறி போடும் வெண்பலகைச் செயலிகள் மடிக்கணினியில் பார்க்க அழகு. ஆனால் குழுவில் முக்கால்வாசிப் பேர் கைத்தொலைபேசியில்தான் வருவார்கள். அந்தச் சின்னத் திரையில் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள்.

டொக்கை எப்படி அமைப்பது? ஆளாளுக்குத் திருத்தினால் குழம்பாதா?

குழம்பும். அதனால் எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுக்காதீர்கள். பகிரும் இடத்தில் "லிங்க் உள்ள எவரும்" என்று வைத்து, அவர்களுக்குக் கொமென்ட் எழுதும் உரிமையை மட்டும் கொடுங்கள். இரண்டு பேர் மட்டும் திருத்துநர்களாக இருக்கட்டும், ஒருவர் போதாது: அவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுவிடும். எல்லோரும் திருத்துநர் என்றால் நடப்பது எப்போதும் ஒன்றுதான். யாரோ பஸ்ஸில் போகும்போது போனில் திறந்து, பெருவிரல் பட்டு, ஒரு பந்தி காணாமல் போகும். தான் அழித்தது அவருக்கே தெரியாது.

முழு நாவலுக்கும் ஒரே டொக் வேண்டாம். நாவலை நான்கைந்து பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு டொக் வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் பெயரையும் சும்மா தடித்த எழுத்தில் போடாமல் 'தலைப்பு 1' பாணியில் போட்டால் இடப்பக்கம் உள்ளடக்கம் தானாக விழும், தொட்டவுடன் அந்த இடத்துக்குப் போகலாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் திருத்துநர் ஐந்தாறு வரியில் சுருக்கம் எழுதுவார். மற்றவர்கள் அந்த வரியைத் தெரிவுசெய்து கொமென்ட் போடுவார்கள். கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கொமென்ட் பெட்டி திறக்கும்.

கணக்குக்குள் நுழையாமல் வருகிறவர்களைக் கூகுள் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரில் அநாமதேயராகக் காட்டும். நரி சொன்னதா நீர்நாய் சொன்னதா என்று பிறகு தேட முடியாது. ஆகவே கொமென்டின் கடைசியில் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள்.

பந்தி ஒன்று அழிந்துவிட்டது. திரும்ப எடுக்கலாமா?

எடுக்கலாம். கணினியில் திறந்து, ஃபைல் மெனுவில் பதிப்பு வரலாற்றுக்குப் போங்கள். ஆனால் பழைய பதிப்பை அப்படியே மீட்டெடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதெல்லாம் டொக்கிலிருந்து பின்வாங்கிவிடும். பழைய பதிப்பில் அந்தப் பந்தியை மட்டும் நகலெடுத்து, இன்றைய பதிப்பில் ஒட்டுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய பதிப்பு, மற்றவரிடம் புதியது, இன்னொருவரிடம் மின்னூல். பக்க எண் ஒத்துவரவில்லையே?

ஒத்துவராது. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலே பக்க எண் மாறிவிடும். பக்க எண்ணை விட்டுவிட்டு அத்தியாயம், பந்தி, முதல் மூன்று சொல் என்று முகவரி எழுதுங்கள். ஏழாம் அத்தியாயம் பன்னிரண்டாம் பந்தி என்றால்: அ7 ப12 "மழை விட்ட பிறகு". எண்ணுவதில் ஒருவர் ஒன்றிரண்டு பிசகினாலும் அந்த மூன்று சொல் கைகொடுக்கும்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தை முடிவெடுத்து டொக்கின் தலையில் எழுதிவிடுங்கள்: உரையாடலில் ஒவ்வொரு பேச்சு வரியும் ஒரு பந்தியா, உரையாடல் முழுவதும் ஒரே பந்தியா? பேச்சு வரி ஒவ்வொன்றையும் ஒரு பந்தியாக எண்ணுவதே நல்லது, சந்தேகத்துக்கு இடமில்லை. அத்தியாயமே பிரிக்காத நாவல் என்றால் வெற்று வரி விட்ட இடங்களை எண்ணி, புத்தக ஓரத்தில் பென்சிலால் இலக்கமிட வேண்டியதுதான். முதல் நாள் அரை மணித்தியாலம் போகும். அதைச் செய்யாத குழு பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் "எந்த இடம், எந்த இடம்" என்று அதே அரை மணித்தியாலத்தைச் செலவழிக்கும்.

ஷீட் எதற்கு? அதில் என்ன நிரல்கள்?

டொக்கில் கதைப்பீர்கள், ஷீட்டில் துப்புகளைச் சேர்ப்பீர்கள். ஆறு நிரல் போதும்: இடம், நூலில் உள்ள சொற்கள் (பதினைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்), சொல்வது யார், கதைக்குள் எந்தக் காலம், வகை, குறித்தவர். இந்த ஆறில் முக்கியமானது 'வகை'. அதில் மூன்றே சொல்தான் வரலாம்: சான்று, வெளித்தகவல், ஊகம். டேட்டா மெனுவில் கீழிறங்கு பட்டியல் போட்டு, பட்டியலில் இல்லாததை நிராகரிக்கும்படி வைத்துவிட்டால் வேறு எதையும் தட்டெழுத முடியாது. நூலில் அச்சாகியிருப்பது சான்று. நூலுக்கு வெளியே உலகத்தில் நடந்தது வெளித்தகவல். நமக்குத் தோன்றுவது ஊகம்.

நம் கற்பனை நாவலில் கிளாக்கர் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதுகிறார்: 1942 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறு காலை, திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழும்போது தான் கந்தோர் மேசையில் இருந்ததாக. வாசிக்கிறவர் சாதாரணமாகக் கடந்து போய்விடுவார். ஷீட்டில் அது ஒரு சான்று வரிசை. அடுத்த வரிசை வெளித்தகவல்: ஜப்பானிய விமானங்கள் அந்த ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 5, தாக்கியது கொழும்பை. திருகோணமலையில் குண்டு விழுந்தது ஏப்ரல் 9, வியாழக்கிழமை. பத்தாம் அத்தியாயத்தில் மகளின் கடிதம், "அந்த மாதம் அப்பா வீட்டில் இல்லை" என்கிறது. அது இன்னொரு சான்று.

இப்போது ஊகம் மூன்று வரும். கிளாக்கர் அன்றைக்குக் கொழும்பில் இருந்தார், அதை மறைக்கிறார். அல்லது நாட்குறிப்பு அந்தந்த நாளில் எழுதியதல்ல, பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியது. அல்லது நூலாசிரியரே கோட்டைவிட்டார். மூன்றும் தனித்தனி வரிசை. ஒவ்வொன்றிலும் அது எந்தெந்தச் சான்று வரிசையில் நிற்கிறது என்று வரிசை எண் எழுத வேண்டும். எண் எழுத முடியாத ஊகம் ஷீட்டில் ஏறக்கூடாது, டொக்கில் கொமென்டாக இருந்துவிட்டுப் போகட்டும். "ஆசிரியரின் பிழை" என்ற ஊகத்தைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அதை முதலில் எடுத்தால் எந்தப் புதிரும் ஒரே நொடியில் தீர்ந்துவிடும், வாசிப்பும் அங்கேயே முடியும்.

ஊர் தெரிந்தவர்கள் இருப்பது இந்த வெளித்தகவல் நிரலுக்குப் பெரிய பலம். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். எண்பதுகளில் நடக்கும் காட்சியில் ஒருவர் அந்தப் பாலத்தால் வாகனத்தில் போனால் உடனே ஒரு வரிசை போடுங்கள். கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிற வாசகர் கண்ணில் அது படவே படாது.

அத்தியாயத்தையும் பந்தியையும் 7-12 என்று எழுதினால் ஷீட் அதைத் தேதியாக மாற்றிவிடுகிறது.

ஆம், யூலை 12 அல்லது டிசம்பர் 7 ஆக்கிவிடும். எது என்பது ஷீட்டின் நாட்டு அமைப்பைப் பொறுத்தது. எழுதத் தொடங்குமுன் அந்த நிரல் முழுவதையும் தெரிவுசெய்து, வடிவமைப்பில் 'வெறும் உரை' ஆக்குங்கள். மாறியபிறகு உரையாக்கினால் பழையது திரும்பாது, மறுபடி தட்டெழுத வேண்டும். ஓரிரு கலத்துக்கு மட்டுமென்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு எழுதலாம். அ7 ப12 முறையில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே வராது.

கதைக்காலத்துக்கும் இதே கவனம் வேண்டும். எக்செல்லில் திறக்கிறவர்களும் இருப்பார்கள். எக்செல் 1900க்கு முந்திய தேதியைத் தேதியாகவே எடுக்காது. போர்த்துக்கேயர் காலத்துக்குப் போய்வருகிற நாவல் என்றால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நிரலில் எண்ணாக வையுங்கள்.

காலவரிசைப்படி அடுக்கினேன். இப்போது மேற்கோள் ஓரிடம், அத்தியாயம் ஓரிடமாகக் கிடக்கிறது.

ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து அடுக்கியிருக்கிறீர்கள். உடனே 'செய்ததை நீக்கு' அழுத்துங்கள். ஷீட்டுக்கும் பதிப்பு வரலாறு உண்டு, பிந்திவிட்டால் அங்கே போகலாம். இனிமேல் நிரல் பெயர்கள் உள்ள முதல் வரிசையை உறையவைத்து, முழு அட்டவணையையும் தெரிவுசெய்து அடுக்குங்கள். இன்னும் நல்லது 'வடிகட்டிக் காட்சி': உங்களுக்கு மட்டும் கதைக்கால வரிசையில் தெரியும், மற்றவர்கள் நூலின் வரிசையிலேயே பார்ப்பார்கள். காலம் கலைந்த நாவலுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஷீட் வைத்திருக்கலாம்.

அடுக்கினால் வரிசை எண் மாறும் அல்லவா? மாறும். ஆகவே இடப்பக்கம் ஷீட் தருகிற எண்ணை நம்பாமல், ஏழாவதாக 'துப்பு எண்' என்று ஒரு நிரல் சேர்த்து நாமே 1, 2, 3 என்று எழுதிவிட வேண்டும். ஊகம் நிற்கும் இடத்தைக் குறிப்பதும் அந்த எண்ணால்தான். ஆறு நிரல் போதும் என்று மேலே சொன்னது தவறு, ஏழு.

பெயரைத் தேடினால் பாதி இடம்தான் வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற சொல்லைக் கணினி காணவில்லை என்கிறது.

தமிழில் இது அடிக்கடி வரும். மகளின் பெயர் கௌரி என்று வையுங்கள். சிலர் 'க' போட்டு ஔகாரக் குறியைப் போடுவார்கள். சிலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைத் தட்டுவார்கள். திரையில் இரண்டும் கௌரி, கெளரி என்று ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வேறு வேறு சொல். இரண்டையும் தனித்தனியே தேடுங்கள், அல்லது 'கெளரி' என்பதைக் 'கௌரி' என்று மாற்றிவிடுங்கள்.

முழுப் பெயரையும் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். 'கெள' என்று மட்டும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றினால் கெளுத்தி மீனும் சேர்ந்து உடையும். கடற்கரைக் கதையில் கெளுத்தி வராமல் போகாது.

பழைய ஆவணத்திலிருந்து ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றிய பின்னரே ஒட்டுங்கள். டொக்கில் எழுத்துருவை மட்டும் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

நான் கடைசி அத்தியாயம் வரை வாசித்துவிட்டேன். மற்றவர்களுக்கு முடிவை உடைக்காமல் எப்படிக் கதைப்பது?

பகுதிக்கு ஒரு டொக் என்று சொன்னது இதற்குத்தான். மூன்றாம் பகுதி டொக்கின் லிங்க் மூன்றாம் பகுதிக்குக் குறித்த நாளில்தான் குழுவுக்குப் போகும். முந்தி வாசித்தவர்களுக்கு 'முடித்தவர்கள்' என்று ஒரு தனி டொக். டெலிகிராமில் கதைக்கிறவர்கள் எழுதியதைத் தெரிவுசெய்து 'ஸ்பொய்லர்' வடிவம் கொடுத்தால் தொடும்வரை மறைந்திருக்கும்.

உடைப்பது எப்போதும் முடிவைச் சொல்வதால் அல்ல. "நாலாம் அத்தியாயக் கடிதத்தைக் கவனமாக வாசியுங்கோ" என்ற ஒரு வரி போதும். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கடிதத்தைத் தானாகச் சந்தேகிக்க முடியாது.

நேரில் கூட முடியாதவர்களுடன் எப்போது, எப்படிப் பேசுவது?

சூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் வெட்டும். கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் 60 நிமிடம். 60 நிமிடமே தாராளம், அதற்கு மேல் பேசினால் கதை நாவலை விட்டு வேறெங்கோ போய்விடும். போயா நாள் மாலை பலருக்கு வசதி. இங்கே இரவு 8 மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 3.30. ரொறொன்ரோவில் குளிர்காலத்தில் காலை 9.30, கோடையில் 10.30. அங்கே மணிக்கூட்டை மாற்றுகிற கிழமையில் ஒருவராவது ஒரு மணித்தியாலம் பிந்தி வருவார், முதல் நாளே எழுதி அனுப்புங்கள்.

கூட்டத்துக்கு மூன்று துப்பு எண் மட்டும் எடுங்கள். ஷீட்டைத் திரையில் பகிர்ந்து, முதலில் அந்தப் பந்தியை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். சத்தமாக வாசித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஏனென்றால் பாதிப் பேர் வாதாடுவது நூலில் இல்லாத ஒரு வரிக்காகத்தான்.

இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார்கள். கொமென்ட் நூறைத் தாண்டிவிட்டது.

ஆளுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். கிளாக்கர் பொய் சொல்கிறார் என்பவர் அதை ஒரு பக்கத்தில் எழுதட்டும், நாட்குறிப்பு பிந்தி எழுதியது என்பவர் இன்னொரு பக்கத்தில். நிபந்தனை ஒன்று: தன் ஊகத்துக்கு எதிராக நிற்கும் துப்பு எண்களையும் அவரவரே பட்டியலிட வேண்டும். பிறகு கொமென்ட் தொடரை 'தீர்ந்தது' என்று மூடிவிடலாம். மூடினால் அழியாது, கொமென்ட் வரலாற்றில் இருக்கும். தீராத புதிரை வாக்கெடுப்பால் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

சிலருக்குத் தட்டெழுத வராது.

கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகையில் 'தமிழ் (இலங்கை)' சேர்த்து ஒலிவாங்கியை அழுத்திப் பேசலாம். பாத்திரப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் அடிக்கடி பிழையாக எழுதும், அனுப்புமுன் ஒருமுறை வாசியுங்கள். அதுவும் சரிவராவிட்டால் வட்ஸ்அப் குரல் பதிவு. ஆனால் "அத்தியாயம் ஏழு, பந்தி பன்னிரண்டு" என்று முகவரி சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டில் ஏற்றுகிறவர் பாடு திண்டாட்டம்.

சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாமா?

டொக்ஸ் செயலியில் அந்தக் கோப்பை 'ஓஃப்லைனில் வைத்திரு' என்று முன்கூட்டியே குறித்திருந்தால் எழுதலாம். இணைப்பு வந்ததும் சேர்ந்துகொள்ளும்.

புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது. ஸ்கேன் பண்ணிக் குழுவில் போடலாமா?

போடக்கூடாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் வாழும் காலமும் அவர் இறந்தபின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. பேசுவதற்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டுவது வேறு, முழு நூலையும் படமெடுத்துப் பரப்புவது வேறு. ஈழத்து நூல் என்றால் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற மின்னூலகத் திட்டத்தின் தளத்தில் முதலில் தேடிப் பாருங்கள்.

உரிமைக் காலம் முடிந்த ஒன்றில் பழகிப் பார்க்க விரும்பினால் தொலைவில் போகத் தேவையில்லை. 1895இல் வந்த 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் சொல்வது, திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதியதுதான். புதிர் நாவல் இல்லை. ஆனால் வெளித்தகவல் நிரலை நிரப்பப் பழக அதைவிட நல்ல நூல் கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் புதிரை அவிழ்த்துத் தராதா?

அதிகம் பேசப்படாத தமிழ் நாவல் என்றால் இல்லாத பாத்திரத்தையும் நடக்காத காட்சியையும் கூசாமல் சொல்லும். அது சொன்னது எதையும் 'சான்று' என்று ஏற்றாதீர்கள். புத்தகத்தில் அந்தப் பந்தியைக் கண்ணால் கண்டபிறகு, முகவரியோடு ஏற்றலாம்.

நாவல் முடிந்துவிட்டது. டொக்கையும் ஷீட்டையும் அப்படியே விட்டுவிடலாமா?

அவை யாருடைய கணக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கலாம், அதிலுள்ள கோப்புகளும் கூடவே போகும். டொக்கை வேர்ட் வடிவிலும் ஷீட்டை எக்செல் வடிவிலும் இறக்கி இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். பீடிஎஃப் மட்டும் எடுத்தால் கொமென்டுகள் வராது. இறக்கிய ஷீட்டைத் திறந்து 'இடம்' நிரலை ஒருமுறை ஓடிப் பாருங்கள், எங்காவது ஒரு பந்தி எண் இன்னும் டிசம்பர் மாதத்தில் கிடக்கும்.